ஒரு குளோசப் பாக்கி

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதிக்கொள்வது. நான் சுகம். தையல் மெஷினும் நானும் ஒன்றுபோலக் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கிறோம். அவ்வப்போது எண்ணெய் விட்டால் போதும். நீ எப்படி இருக்கிறாய்? அத்தானின் இருமல் தேவலையா?

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் பிள்ளையைப் பார்த்தேன்!

எங்கள் படக் கம்பெனி ஆற்றோரமாகக் கூடாரம் போட்டிருக்கிறது என்று எழுதியிருந்தேன் அல்லவா? யுத்தப் படம். பழைய காலத்துக் கதை. பட்டாளம் பின்வாங்கி ஓடுகிறது. ஒரு பாலத்தைக் காக்க ஆள் இல்லை. ராணுவப் பள்ளியில் படிக்கும் பையன்களை அனுப்பிவிடுகிறார்கள். ஒருத்தனும் திரும்பி வருவதில்லை. முதலில் கூட்டி வந்த துணை நடிகர்கள் துப்பாக்கியை விளக்குமாறு மாதிரிப் பிடித்தார்கள். டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டு, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நிஜ ராணுவப் பள்ளியிலேயே பையன்களைக் கேட்டு வாங்கிவிட்டார். லாரியிலிருந்து இறங்கிய கூட்டத்தில் கடைசியாக, தொப்பி காதுவரை இறங்கி, ஒரு உருவம். "சித்தீ!" என்றது. நம் குச்சி!

அளவெடுத்தேன். டேப் இடுப்பைச் சுற்றியது கொஞ்சம், மிச்சம் தொங்கியதுதான் அதிகம். பேர் வைத்தவர் தீர்க்கதரிசி. "சித்தி, பேன்ட்டைக் கொஞ்சம் டைட்டா புடிங்க. செத்தாலும் ஸ்டைலா சாகணும்" என்கிறான். ஆமாம், அவனுக்குச் சாகிற வேஷம். வசனம்கூட உண்டு. உனக்குப் பெருமையாக இருக்குமே என்று இன்றைக்கே உட்கார்ந்து எழுதுகிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம்.

உன் அன்புத் தங்கை

*

மார்ச் 19

சின்னவளுக்கு,

அக்காவின் ஆசிகள். உன் கடிதம் படித்ததில் எனக்கு ஒரு சுற்று உடம்பு ஏறிவிட்டது. அத்தானின் இருமல் பஸ்ஸில் இருக்கும்வரை வருவதில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது டிக்கெட் வாங்காமல் ஏறிக்கொள்கிறது. மற்றபடி சுகம்.

ஏண்டி, சாகிற வேஷமா கொடுத்தார்கள்? கொடி பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி ஒன்று கிடைக்கவில்லையா? அத்தானிடம் சொன்னேன். "கனவுல செத்தா ஆயுசு கெட்டின்னு சொல்லுவாங்க. சினிமால செத்தா அதவிடக் கெட்டி" என்று சிரிக்கிறார். பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். டிப்போவில் இவருக்கு இப்போது டைரக்டர் என்றுதான் பெயராம். பிள்ளையை அந்தப் பள்ளிக்கு அனுப்பியதே இவர்தானே. "என்னை மாதிரி விசில் ஊதியே காலம் தள்ள வேணாம். நாலு பேர் அவனைப் பாத்து விறைப்பா நிக்கட்டும்" என்று ஒற்றைக் காலில் நின்றார். நான் அரை மனதாகத்தான் பெட்டி கட்டினேன்.

ஒன்று உறுத்துகிறது. எங்கள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் புதுப் போர்வைகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகின்றன. படுக்கை கூட்டுகிறார்களாம். யாருக்கென்று கேட்டால் மேஸ்திரி வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். நோயாளிக்கு முன்னால் போர்வை வருவது எனக்குப் பிடிக்கவில்லை. எல்லையில் என்ன நடக்கிறது என்று அங்கே ஏதாவது பேச்சு அடிபடுகிறதா?

அவன் காலில் கொப்புளம் இருக்கிறதா பார். கேட்டால் இல்லை என்பான். பூட்ஸைக் கழற்றச் சொல்லிப் பார்.

உன் அக்கா

*

ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் சுகம், உன் மகனின் பாதங்களும் சுகம். கழற்றிப் பார்த்தேன். நாற்றத்தில் நான்தான் கொஞ்சம் தடுமாறினேன்.

அவன் செத்த கதையைக் கேள். ஆற்றங்கரைச் சேற்றில் குண்டு பட்டுக் கிடக்கிறான். பக்கத்தில் இருப்பவனிடம் "தண்ணி இருக்கா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூட வேண்டும். அவ்வளவுதான். பக்கத்தில் இருப்பவன் மூக்கன், இவனுடைய உயிர்த்தோழன், பேருக்கேற்ற மூக்கு. இவன் கண்ணை மூடியதும் மூக்கன் மெதுவாக "டீதான்டா இருக்கு, பரவால்லயா?" என்பான். பிணம் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கும். காலையில் ஆரம்பித்த சாவு மத்தியானம்வரை முடியவில்லை. டைரக்டர் கத்தினார்: "ஏண்டா, செத்தவன் எங்கயாவது சிரிப்பானா?" இவன் எழுந்து விறைப்பாக நின்றுகொண்டு, "செத்தவங்களை நான் இன்னும் பாத்ததில்ல சார்!" என்றான். டைரக்டரே சிரித்துவிட்டார். கடைசியில் ஒருவழியாகச் செத்தான். நன்றாகவே செத்தான். எனக்குப் பார்க்க என்னவோ போல இருந்தது, திரும்பிக்கொண்டேன்.

முகத்தை மட்டும் கிட்டத்தில் வைத்து எடுக்கும் குளோசப் பாக்கி. அதை மறுநாள் எடுப்பதாக இருந்தது. மறுநாள் காலையில் பள்ளியிலிருந்து லாரிகள் வந்துவிட்டன. எல்லோரையும் உடனே ஏறச் சொன்னார்கள். பயிற்சிக்காம். எல்லை கொஞ்சம் சூடாகத்தான் இருக்கிறது, ஆனால் சின்னப் பையன்களைச் சண்டைக்கு அனுப்பமாட்டார்கள் என்று கூட வந்த அதிகாரியே சொன்னார். நம் படத்துச் சட்டையை மாற்றக்கூட நேரம் தரவில்லை. எங்கள் காஸ்ட்யூமர் "ஐயோ, என் யூனிஃபார்ம்!" என்று லாரிக்குப் பின்னால் ஓடினார். அந்த அதிகாரி, "துணி துணிதானய்யா, விடு" என்று சொல்லிவிட்டார்.

குச்சி லாரியில் தொங்கிக்கொண்டே டைரக்டரைப் பார்த்து, "மீதியை வந்து சாகுறேன் சார்!" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தோம். எனக்கு இரண்டு கையையும் காட்டினான்.

உனக்குக் கடிதம் போட்டானா? எழுது.

உன் அன்புத் தங்கை

*

ஜூன் 2

சின்னவளுக்கு,

அக்காவின் ஆசிகள். பதில் எழுத நாளாகிவிட்டது, கோபிக்காதே. ஆஸ்பத்திரியில் வேலை தலைக்குமேல். அந்தப் போர்வைகளெல்லாம் போதவில்லை. இப்போதுதான் சண்டை ஓய்ந்தது என்கிறார்கள், எங்கள் தொட்டிக்கு ஓயவில்லை. அத்தான் நடமாடிக்கொண்டிருக்கிறார். இருமல் நின்றுவிட்டது. சமையல்கட்டுக் குழாய் ஒழுகுகிறது. துணி சுற்றி வைத்திருக்கிறார்.

அவனிடமிருந்து எனக்குக் கடிதம் எதுவும் வரவில்லை.

உன் ஏப்ரல் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நீ அவனோடு இருந்த நாட்களைப் பற்றி இன்னும் எழுது. என்ன சாப்பிட்டான், எங்கே தூங்கினான், யாரோடு சண்டை போட்டான், எல்லாம். சின்ன விஷயம் என்று எதையும் விட்டுவிடாதே. உனக்கு எழுத நன்றாக வருகிறது.

மெஷினில் குனிந்தே இருக்காதே, அடிக்கடி எழுந்து நட.

உன் அக்கா

*

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. இரண்டு மாதமாக ஒரு வரி இல்லையே என்று என்னென்னவோ நினைத்துவிட்டேன். நான் சுகம். கம்பெனி நகரத்து ஸ்டுடியோவுக்குத் திரும்பிவிட்டது. சண்டை நேரத்தில் அந்தப் பையன்களைக் கிடங்குக் காவலுக்குத்தான் வைத்திருந்தார்களாம், பேப்பரில் போட்டிருந்தது. படித்ததும் உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன்.

கேட்டாயே, எழுதுகிறேன். காலையில் ரொட்டியும் முட்டையும். அவனுடைய பங்கு போக, முட்டை பிடிக்காத யாருடைய பங்கும் அவனுக்குத்தான். தூக்கம் என் கூடாரத்தில், தைத்து அடுக்கிய யூனிஃபார்ம் குவியல் மேலேயே. இஸ்திரி போட்டதெல்லாம் போச்சு. திட்டினால், "பட்டாளத்தானோட சட்டை கசங்கலாம் சித்தி, மனசுதான் கசங்கக் கூடாது" என்று தத்துவம். பொத்தான் தைக்கக் கற்றுக்கொண்டான். ஒரே நாளில் கூட்டாளிகளின் பொத்தான்களையெல்லாம் பிய்த்துத் தைத்துக் கொடுத்து, பதிலுக்கு பிஸ்கட் வசூலித்தான்.

லாரியில் எல்லோரும் ஏறும்போது அத்தான் மாதிரியே செய்து காட்டுவான். வாயில் விரலை வைத்து விசில். அப்புறம் அந்த மூக்கால் பேசும் குரல்: "உள்ள போ, உள்ள போ, படில நிக்காத, நடுவுல எடம் காலியாத்தான் கெடக்குது!" அதிகாரிகளே விழுந்து விழுந்து சிரித்தார்கள். அத்தானிடம் சொல்லாதே, கோபித்துக்கொள்வார். இல்லை, சொல்.

போதுமா? அவன் வந்தால் அவனிடமே கேட்டுக்கொள், என்னை ஏன் பிழிகிறாய்?

உன் அன்புத் தங்கை

*

ஜூலை 1

சின்னவளுக்கு,

அக்காவின் ஆசிகள். இங்கே எல்லாம் அப்படியேதான்.

உன் கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். லாரி வரும் இடத்தை மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொரு தடவை என்றார். அப்புறம் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. கோபமெல்லாம் இல்லை.

அவன் குரல் முழுக்க உடைந்துவிட்டதா? என்னிடமிருந்து போனபோது பாதிதான் உடைந்திருந்தது. கோபம் வந்தால் கீச்சென்று மேலே போகும். மீசை தெரிகிறதா? என்னைப் பற்றி ஏதாவது பேசினானா? பேசாவிட்டாலும் பரவாயில்லை, அதையும் எழுது.

படம் எப்போது வெளியாகும்? அதில் எவ்வளவு நேரம் வருவான்?

உன் அக்கா

*

ஜூலை 25

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீ சுகமா என்று சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

குரல் உடைந்து, அடிக்குரலாக ஆகியிருக்கிறது. மேலுதட்டில் பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு கோடு. அதற்குத் தினமும் கண்ணாடி. உன்னைப் பற்றிப் பேசாமலா? உன் கையால் துவைத்த தலையணை உறை வாசனை வேறு எங்கேயும் வராதாம். "அம்மா பக்கத்துல வந்து நின்னாலே வெயில் வாசம் சித்தி" என்றான்.

நல்ல செய்தி. ஓட்டிப் பார்த்தார்கள், அவனுடைய சாவுதான் படத்திலேயே நன்றாக வந்திருக்கிறது என்று டைரக்டர் சொல்கிறார். பாக்கி இருக்கும் குளோசப்பை ஸ்டுடியோவிலேயே சேறு கொட்டி எடுத்துவிடலாமாம். அந்த ஒரு வசனத்துக்குக் குரலும் மறுபடி பதிய வேண்டும், ஆற்றங்கரையில் காற்று இரைச்சல். ஒரு நாள் வந்தால் போதும். நான் அவனுக்கு இரண்டு தடவை எழுதிவிட்டேன், துரை பதிலே போடவில்லை. டைரக்டர் பள்ளிக்கே எழுதியிருக்கிறார். நீ ஒரு வார்த்தை எழுதினால் லீவு கேட்டு வருவான். அவனுக்கென்று நீலச் சட்டை ஒன்று தைத்து வைத்திருக்கிறேன், வந்தால் அளவு பார்க்கலாம்.

அக்கா, ஒன்று கேட்கட்டுமா? நீ அவனைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறாயே தவிர, நீயாக ஒன்றும் சொல்வதில்லை. உங்களுக்குள் ஏதாவது மனத்தாங்கலா?

உன் அன்புத் தங்கை

*

ஆகஸ்ட் 3

சின்னவளுக்கு,

ஆசிகள். எங்களுக்குள் மனத்தாங்கல் எதுவும் இல்லை.

அவன் வர முடியாது. லீவு கிடைக்காது. டைரக்டரிடம் சொல்லி, ஆற்றங்கரையில் பதிவான குரலையே வைத்துக்கொள்ளச் சொல். காற்று இரைச்சல் இருந்தால் இருக்கட்டும். வேறு யார் குரலையும் அவன் வாயில் போட வேண்டாம். இது ஒன்றைத்தான் உன்னிடம் கேட்கிறேன்.

சட்டை உன்னிடமே இருக்கட்டும்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

*

செப்டம்பர் 20

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை.

நேற்று மூக்கன் வந்தான். படத்தில் அவனுக்கும் ஒரு வசனம் உண்டு. பள்ளி டைரக்டருக்குப் பதிலே போடவில்லை என்று, அதைப் பதிய ஸ்டுடியோவிலிருந்து அவன் வீட்டுக்கே எழுதிக் கூப்பிட்டிருந்தார்கள். நான் ஓடிப்போய் அவன் பின்னால் நின்று, "எங்கடா உன் ஜோடி?" என்று கேட்டேன். அவன் திரும்பவில்லை. தோளைத் தொட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அந்தப் பக்கத்துக் காது அவனுக்குச் சுத்தமாகக் கேட்காது. என் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. "சித்தி... உங்களுக்குத் தெரியாதா?" என்றான்.

ஏப்ரலிலேயே. நீ குழாய் ஒழுகுகிறது என்று எழுதினாயே, அதற்கு வெகுநாள் முன்னால்.

நான் அவனை துரை என்று எழுதினேன். லீவு கேட்டு வரச் சொன்னேன். அதையெல்லாம் நீ படித்தாய். மீசையைப் பற்றிக் கேட்டாய். உனக்கு எப்படி அக்கா முடிந்தது? நான் யார் உனக்கு? கூடப் பிறந்தவள் கட்டிப்பிடித்து அழக்கூட உரிமை இல்லாதவளா? மாதக்கணக்காக நான் சிரித்துச் சிரித்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன், பைத்தியக்காரி மாதிரி.

மூக்கனிடம் கேட்டேன், எந்த இடம் என்று. "பாலம்கூட இல்ல சித்தி. சும்மா ஒரு மேடு. அங்க எதைக் காப்பாத்தச் சொன்னாங்கன்னே எங்களுக்குத் தெரியல" என்றான். வலியே இல்லை, ஒரு நொடிதான் என்று சொன்னான். நான் நம்பினேன். நீயும் நம்பு.

படம் வெளியானால் நீ போகாதே. அந்தக் காட்சியை நான் நேரில் பார்த்தவள். வேண்டாம் அக்கா.

நான் வரட்டுமா? வா என்று ஒரு வார்த்தை எழுது.

தங்கை

*

டிசம்பர் 5

என் சின்னவளுக்கு,

அக்காவின் ஆசிகள். உன் கோபம் நியாயம். பதில் எழுதப் பலமுறை உட்கார்ந்தேன். ஆசிகள் என்று எழுதிவிட்டு எழுந்துவிடுவேன். நாங்கள் உயிரோடு இருக்கிறோம். வேறு என்ன சொல்ல.

நான் கொதிதொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தபோது மேஸ்திரி கூப்பிட்டார். வாசலில் ஒரு சிப்பாய் காகிதத்தோடு நின்றான். அவனுக்கும் மீசை முளைக்கவில்லை. கை ஈரமாக இருக்கிறது, நீயே படி என்றேன். அவன் படித்தான். திரும்பிப் போய் மிச்சத் துணியை அலசினேன். பைத்தியம் என்று நினைப்பாய். அது எவளோ ஒருத்தி பெற்ற பிள்ளையின் போர்வை, பாதியில் விட மனம் வரவில்லை.

நாலைந்து நாளில் உன் கடிதம் வந்தது. அதில் அவன் லாரியில் தொங்கிக்கொண்டு உனக்கு இரண்டு கையையும் காட்டிக்கொண்டிருந்தான். சின்னவளே, உலகத்தில் அவனைப் பற்றி "சாப்பிடுகிறான், சிரிக்கிறான்" என்று பேச நீ ஒருத்திதான் மிச்சம் இருந்தாய். உன்னிடம் சொல்லிவிட்டால் நீயும் அழ ஆரம்பித்துவிடுவாய். அப்புறம் அவன் எங்கே போவான்? அதற்காகத்தான். உன்னை ஏமாற்ற அல்ல. ஒவ்வொரு கடிதமும் வரும்போது, இதுதான் கடைசி, இனி சொல்லிவிடுவேன் என்றுதான் நினைப்பேன். பிரித்துப் படித்ததும் இன்னும் ஒன்று என்று தோன்றும்.

வலி இல்லை என்று எழுதியிருந்தாய். சரி. நான் ஆஸ்பத்திரித் துணி துவைப்பவள். மூக்கனை யாரும் இனி எதுவும் கேட்க வேண்டாம், நன்றாகச் சாப்பிடச் சொல்.

படத்துக்குப் போனோம். நீ தடுத்தும் போனோம். அத்தான் வேண்டாம் என்றார், பிறகு என்னைவிட முன்னால் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். தியேட்டர் வாசலில் பெஞ்சு போட்டுப் பட்டாளத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே போய் உட்கார்ந்தோம். ஆறு வந்தது. சேறு வந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிள்ளை சாவதைப் பார்க்க ஒரு தகப்பனும் தாயும் மூச்சைப் பிடித்துக் காத்திருந்ததை நீ நினைத்துப் பார்.

அவன் வரவே இல்லை. பையன்கள் ஓடினார்கள், சுட்டார்கள், பாலத்தில் கொடி ஏற்றினார்கள். ஒருத்தனும் சாகவில்லை. ஜனங்கள் கைதட்டினார்கள். நான்தான் கண்ணை மூடிவிட்டேனோ என்று நினைத்து அடுத்த காட்சிக்கும் உட்கார்ந்தோம். இல்லை. அத்தான் மேனேஜரிடம் போய்க் கேட்டார். "பசங்க சாகுற சீனெல்லாம் எடுத்துட்டாங்க சார். மேலிடத்து உத்தரவு. தண்ணி கேட்டுச் செத்தா எவன் பட்டாளத்துல சேருவான்?" என்றாராம், சாதாரணமாக.

ஒரே ஒரு இடம் இருக்கிறது. பையன்கள் வரிசையாகப் பாலத்துமேல் நடந்து போகிறார்கள். பின்னாலிருந்து எடுத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே கனத்த கோட்டு, ஒரே தொப்பி. முதுகுகள் மட்டும். அதில் அவன் கட்டாயம் இருக்க வேண்டும். வெளியே வந்ததும் அத்தான், "இடது ஓரமா, கடைசிக்கு முன்னாடி நடந்தானே, அவன்தான்" என்றார். நான், "இல்லவே இல்ல, நடுவுல தலையைச் சாய்ச்சுக்கிட்டு ஒருத்தன் போனான், அவன்தான் என் புள்ள" என்றேன். "பெத்தவளுக்குப் புள்ள முதுகு தெரியலயா?" என்றார். "பெத்தவருக்கு மட்டும் தெரிஞ்சிடுச்சா?" என்றேன். இத்தனை வருஷக் குடித்தனத்தில் நாங்கள் தெருவில் நின்று சண்டை போட்டதில்லை. அன்றைக்குப் போட்டோம். ஜனங்கள் விலகி நடந்தார்கள்.

பஸ் வந்தது. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். எங்கள் நிறுத்தம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சரி விடு. ஆளுக்கு ஒண்ணு வச்சுக்கலாம்."

கோபம் ஆறியதும் புறப்பட்டு வா. வருவதற்கு முன்னால் நீயும் அந்தப் படத்தைப் பார்ப்பாய், எனக்குத் தெரியும். அந்தக் கோட்டுகளைத் தைத்தவள் நீ. எந்த முதுகு அவனுடையது என்று உனக்குப் பார்த்ததும் தெரிந்துவிடும். எங்களிடம் சொல்லாதே.

உன் அக்கா